மாவுக்கு எத்தனை மூட்டை? காரைக்கால் வயல்களில் காத்திருக்கும் இன்டர்ன்ஷிப் பாடம்!

"மாவுக்கு எத்தனை மூட்டை யூரியா போடணும், பாப்பா?"

டெல்டாவில் வேளாண் கல்லூரி மாணவி ஒருவர் முதன்முதலாக ஒரு விவசாயியின் வரப்பில் போய் நின்றால், எதிர்கொள்ளும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மூன்று வருடம் படித்த பாடத்தில் பதில் இருக்கிறது. ஆனால், அது எக்டேரில் இருக்கிறது, கிலோவில் இருக்கிறது, 'தழைச்சத்து' என்ற பெயரில் இருக்கிறது. விவசாயிக்குத் தேவையான பதிலோ மாவில், மூட்டையில், யூரியாவில் இருக்க வேண்டும்.

கணக்கு ஒன்றும் கஷ்டமானதில்லை. 100 குழி ஒரு மா. 3 மா ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஒரு எக்டேர் என்பது சுமார் ஏழரை மா. மண் பரிசோதனை செய்யாத நிலையில், டெல்டா நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவிகிதம்தான் தழைச்சத்து என்பதால், இதற்கு சுமார் 326 கிலோ யூரியா வேண்டும். ஏழரையால் வகுத்தால், மாவுக்கு ஏறக்குறைய 43 கிலோ. இப்போது யூரியா 45 கிலோ மூட்டையாக வருகிறது. ஆக, பதில்: "மாவுக்கு ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாங்கய்யா. ஒரே தடவையா கொட்டாம நாலு தவணையா பிரிச்சுப் போடுங்க."

இந்த ஒரு வரியைத் தடுமாறாமல் சொல்வதற்குள் மாணவர்களுக்கு வியர்த்துவிடும். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய அதே கேள்விதான். ஆனால் கேட்கும் மொழி வேறு. இன்டர்ன்ஷிப்பின் முதல் பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிராமமே வகுப்பறை

நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக் கடல். நடுவே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டாக இருக்கிறது காரைக்கால். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இங்கே நெடுங்காடு அருகே செருமாவிலங்கையில் இருக்கிறது பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம். 1987-ல் தொடங்கப்பட்டது.

இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் என்றால் கம்பெனி. மருத்துவ மாணவர்களுக்கு மருத்துவமனை. பி.எஸ்ஸி வேளாண்மை மாணவர்களுக்கு? கிராமம்! 'கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம்' என்பது முழுப்பெயர். மாணவர்கள் வாயில் அது சுருக்கமாக 'ராவே'. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் அமைத்த ரந்தாவா கமிட்டி, 1992-ல் பரிந்துரைத்த திட்டம் இது. படித்து முடித்த வேளாண் பட்டதாரிக்குப் பயிர் தெரிகிறது, விவசாயியைத் தெரியவில்லை என்ற குறையைப் போக்குவதற்காக வந்தது. 2015-ல் 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற தேசியத் திட்டத்தின் பகுதியாகவும் ஆனது.

குழுமத்தின் ஐந்தாவது டீன்கள் கமிட்டி வகுத்த மாதிரிப்படி, இது மொத்தம் 20 வாரங்கள். முதல் வாரம் கல்லூரியிலேயே அறிமுகம். 8 வாரங்கள் கிராமத்தில் ஒரு விவசாயியோடு இணைந்து பணி. 5 வாரங்கள் வேளாண் அறிவியல் நிலையம் அல்லது ஆராய்ச்சி நிலையத்தில். 2 வாரங்கள் பயிர் மருத்துவ மையம். 3 வாரங்கள் வேளாண் சார்ந்த தொழிற்சாலை. கடைசி வாரம் அறிக்கை, மதிப்பீடு.

இதில் மாணவர்களை அதிகம் மாற்றுவது எது என்றால், அந்த 8 வாரங்கள்தான்.

தரையில் கோலமாவு, மேலே ஊர் வரைபடம்

கிராமத்துக்குள் போனதும் மாணவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, ஊரை வரைவது. 'பங்கேற்பு ஊரக மதிப்பீடு' என்று இதற்குப் பெயர். கோயில் வாசலிலோ, பள்ளிக்கூடத் திடலிலோ ஊர்க்காரர்களைக் கூட்டி, தரையில் கோலமாவும் கலர்ப்பொடியும் கொண்டு ஊரின் வரைபடத்தைப் போட வேண்டும். தெருக்கள், குளம், வாய்க்கால், நெல் வயல், களத்துமேடு, ரேஷன் கடை எல்லாம் அதில் வர வேண்டும்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. வரைய வேண்டியது ஊர்க்காரர்கள். மாணவர்கள் கேட்க மட்டுமே வேண்டும். ஆனால், கையில் பொடி இருக்கும்போது சும்மா நிற்பது கஷ்டம். அழகாக வரைந்து, நல்ல போட்டோ எடுத்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டிவிடத் துடிக்கும் மனசு. அப்படிச் செய்தால் படம் அழகாக இருக்கும், தகவல் இருக்காது.

ஊர்க்காரர் கையில் பொடியைக் கொடுத்தால் கதையே வேறு. "இந்த இடத்துக்கு மேல போர் போட்டா தண்ணி உப்பு" என்று ஒருவர் கோடு போடுவார். கடலோர டெல்டாவில் அந்தக் கோடு பல பக்க அறிக்கைக்குச் சமம். "வாய்க்கால் வரைஞ்சீங்களே, வடிகால் எங்க?" என்று இன்னொருவர் கேட்பார். அங்கேதான் காரைக்கால் விவசாயத்தின் அடிப்படைச் சிக்கல் மாணவருக்குப் புரியத் தொடங்கும்.

காரைக்கால் காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. அங்கே மதகு திறந்த தண்ணீர், கல்லணை வந்து, ஆறுகளாகப் பிரிந்து, வழியெல்லாம் வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம்தான் அரசலாறு, நாட்டாறு, நந்தலாறு, திருமலைராஜனாறு வழியாக இங்கே வந்து சேர வேண்டும். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் அளித்த தீர்ப்பில் புதுச்சேரிக்கான பங்கு 7 டி.எம்.சி. காரைக்கால் வயல்களுக்காகத்தான் அந்த 7. அதே சமயம், வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மேலே இருக்கும் ஊர்களின் வெள்ளமெல்லாம் வடியும் வழியும் இதுதான். பாசனத் தண்ணீர் கடைசியாக வரும் ஊரில், வெள்ளமும் கடைசியாகத்தான் வடியும்.

பாசனத்தைப் பற்றிப் பாடத்தில் படித்துவிட்டு வரும் மாணவருக்கு, இங்கே வடிகாலும் அதே அளவு முக்கியம் என்பது ஊர்க்காரர் கேட்கும் அந்த ஒரு கேள்வியில்தான் உறைக்கும்.

பணம் எந்த மாதம் வரும்?

அடுத்தது பருவ நாட்காட்டி. பன்னிரண்டு மாதத்தையும் கட்டம் போட்டு, எந்த மாதம் என்ன வேலை, எப்போது மழை, எப்போது பூச்சி என்று விவசாயிகளிடமே கேட்டு நிரப்புவது. விதைப்பும் அறுவடையும் பாடத்தில் இருப்பதுதான். புதிதாகத் தெரிய வருவது இரண்டு விஷயங்கள்: கையில் காசு இருக்கும் மாதம், காசில்லாமல் நகை அடகுக்குப் போகும் மாதம்.

"ஏன் இவங்க அடியுரம் போடலை?" என்று வகுப்பில் கேட்டிருந்தால், 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதியிருப்பார் மாணவர். நாட்காட்டியை நிரப்பிய பிறகு அப்படி எழுதக் கை வராது. அடியுரம் போட வேண்டிய வாரத்தில் அந்த வீட்டில் பணமில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். ஒரு பரிந்துரை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அது சொல்லப்படும் மாதத்தில் வாங்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

விவசாயிகளிடமிருந்து கற்க வேண்டியதும் நிறைய. டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே அந்த ஈரத்தில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். தனி உழவு கிடையாது. வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலும், இரவுப் பனியிலுமே பயறு வளர்ந்துவிடும். 'ரைஸ் ஃபாலோ பல்சஸ்' என்று புத்தகம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஆனால் எந்த நாள் தெளிப்பது என்பதை, காலால் மண்ணை மிதித்துப் பார்த்துச் சொல்லும் விவசாயியிடம்தான் கற்றுக்கொள்ள முடியும்.

முட்டை மிதக்கும் வாளி

கற்றுக்கொள்வது மட்டுமில்லை, மாணவர்கள் கற்றுத்தரவும் வேண்டும். செயல்விளக்கம் என்றால் கிராமத்தில் கூட்டம் சேர்ப்பது எப்போதுமே முட்டைதான்!

வாளியில் தண்ணீர் ஊற்றி, நல்ல முட்டை ஒன்றைப் போட்டால் அது அடியில் போய் உட்காரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சமையல் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து, அதன் மண்டை நாலணா அளவுக்குத் தண்ணீருக்கு மேல் தெரியும். 10 லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ உப்பு பிடிக்கும். அந்தக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டினால், பதரும் அரைவயிற்று நெல்லும் மிதக்கும். மூழ்குவது மட்டும் விதை. பிறகு உப்பு போக இரண்டு, மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் முளைப்பு கெட்டுவிடும்.

செலவு சில ரூபாய். நேரம் அரை மணி. பலன் கண்முன்னே. கூட்டத்தில் இருக்கும் பாட்டி ஒருவர், "இதைத்தான் எங்க காலத்துல வெறும் தண்ணியில போட்டு அலசுவோம்" என்று சொன்னால், மாணவர் சங்கடப்பட வேண்டியதில்லை. பாட்டியின் முறையில் முழுப் பதர் மட்டும் மிதக்கும், உப்புக் கரைசலில் அரைகுறை மணியும் மிதக்கும் என்று வித்தியாசத்தைச் சொன்னால் போதும். பழைய அறிவின் மேல் வைத்த புது அறிவுதான் கிராமத்தில் நிற்கும்.

56 நாளும் 150 நாளும்

இவ்வளவு நல்ல திட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி உண்டு.

கிராமத்தில் மாணவர் இருப்பது 8 வாரம். அதாவது, 56 நாள். குறுவைக்குப் போடும் ஆடுதுறை 43 ரகத்தின் வயது 110 நாள். சம்பாவுக்குப் போடும் சி.ஆர் 1009 ரகத்தின் வயதோ 150 நாளுக்கும் மேல். அதாவது, எந்த மாணவரும் தான் சொன்ன யோசனையின் விளைவைப் பார்க்காமலேயே கிளம்பிவிடுகிறார்.

வேளாண் விரிவாக்கப் பாடத்தில் இரண்டு வகை விளக்கங்கள் உண்டு. 'எப்படிச் செய்வது' என்று காட்டுவது செயல்முறை விளக்கம். 'செய்ததால் என்ன கிடைத்தது' என்று காட்டுவது விளைவு விளக்கம். முதலாவதுக்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டாவதுக்கு ஒரு போகம் வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் நடப்பதெல்லாம் முதல் வகை. விவசாயி நம்புவதோ இரண்டாவது வகையை.

"ஒவ்வொரு வருஷமும் வர்றீங்க, போட்டோ எடுக்கிறீங்க, போயிடுறீங்க. அதுக்கப்புறம் யாரும் எட்டிப் பார்க்கிறதில்லையே?" என்று ஒரு விவசாயி கேட்டால், எந்தக் கல்லூரி மாணவருக்கும் அதற்கு நேரடியான பதில் கிடையாது. 20 கிரெடிட் மாணவருக்குப் போய்விட்டது. கிராமத்துக்கு என்ன மிச்சம்?

இதைச் சரிசெய்யப் பெரிய நிதி ஒன்றும் வேண்டாம். சில எளிய பழக்கங்கள் போதும். தரையில் போட்ட ஊர் வரைபடத்தைச் சார்ட்டில் வரைந்து, ஒரு பிரதியை ஊரிலேயே விட்டுவிட்டு வரலாம். மண் மாதிரி எடுத்திருந்தால், முடிவை அந்த விவசாயியின் கையில் தமிழில், மூட்டைக் கணக்கில் எழுதிக் கொடுக்கலாம். இந்த வருட பேட்ச் விட்ட இடத்திலிருந்து அடுத்த வருட பேட்ச் தொடரும்படி, அதே ஊருக்கே போகலாம். எல்லாவற்றையும்விட, அறுவடை அன்று ஒரு நாள் திரும்பிப் போகலாம். அந்த ஒரு நாளுக்கு மதிப்பெண் இல்லைதான். ஆனால், தான் சொன்ன யோசனை பலித்ததா, பொய்த்ததா என்று தெரிந்துகொள்வதைவிடப் பெரிய பாடம் ஒரு வேளாண் மாணவருக்கு என்ன இருக்கிறது?

துறைமுகம் முதல் எண்ணெய்க் கிணறு வரை

வயலுக்கு வெளியே, மற்ற மாணவர்களுக்கும் காரைக்காலில் களங்கள் உண்டு. திருவேட்டக்குடியில் 2010-ல் தொடங்கிய என்.ஐ.டி இருக்கிறது. 2009 முதல் இயங்கும் துறைமுகம் இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. ஓ.என்.ஜி.சி-யின் காவிரிப் படுகைப் பணிகளின் மையமும் இங்கேதான்.

ஆனால் வார்த்தைகளில் நிறைய குழப்பம் உண்டு. மாணவர்களும் பெற்றோர்களும் மூன்று விஷயங்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இன்டர்ன்ஷிப். படிக்கும்போதே செய்வது, படிப்பின் பகுதி. ஏ.ஐ.சி.டி.இ-யின் இன்டர்ன்ஷிப் கொள்கைப்படி, இன்ஜினீயரிங் பட்டப்படிப்பில் இதற்கு 14 முதல் 20 கிரெடிட், அதாவது 600 முதல் 700 மணி நேரம். உதவித்தொகை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரண்டு, மூன்று நாள் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது இன்டர்ன்ஷிப் ஆகாது. அது தொழிற்சாலைப் பார்வை மட்டுமே.

இரண்டாவது, அப்ரன்டிஸ்ஷிப். படித்து முடித்த பிறகு செய்வது. 1961-ம் ஆண்டுச் சட்டம் இதற்கு இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019-ல் திருத்திய விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், டிப்ளோமா படித்தவருக்கு 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் என்ன தொகை இருக்கிறதோ, அதுவே கணக்கு. ஓ.என்.ஜி.சி அப்ரன்டிஸ் அறிவிப்புகளில் தென் மண்டலப் பணியிடங்களில் காரைக்காலும் வரும். தேர்வு, படிப்பில் வாங்கிய மதிப்பெண் அடிப்படையில்தான். 'ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்' என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். 2024 அக்டோபர் 3-ல் முன்னோட்டமாக ஆரம்பித்தபோது, 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், ஒருமுறை மட்டும் 6,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்போது இது கிடையாது. முதல் சுற்றில் 1.27 லட்சம் வாய்ப்புகள் வந்தும், சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர்தான். தூரமும், ஓராண்டு என்ற நீண்ட காலமும் காரணங்களாகப் பேசப்பட்டன. வெளியூரில் அறை வாடகை, சாப்பாடு என்று கணக்குப் போட்டால் 5,000 ரூபாயில் எப்படிச் சமாளிப்பது என்று ஒரு நடுத்தரக் குடும்பம் யோசிப்பது நியாயம்தானே?

காரைக்கால் மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. பேருந்தில் கொஞ்ச தூரம் போனாலே நாகப்பட்டினம். ஆனால், தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' போன்ற திறன் பயிற்சித் திட்டங்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கானவை. நாகையில் படிக்கும் நண்பருக்கு வரும் அறிவிப்பு, காரைக்காலில் படிப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். எந்த அரசின் திட்டம், யாருக்கானது என்று முதல் வரியிலேயே பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

போகும் முன், போன பின்

எந்தத் துறையாக இருந்தாலும், இன்டர்ன்ஷிப் போகும் மாணவர்களுக்குப் பொதுவான சில விஷயங்கள்:

* கல்லூரிக் கடிதத்துடன், குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக விண்ணப்பியுங்கள். பெரிய நிறுவனங்களில் அனுமதி பல மேசைகளைக் கடந்துதான் வரும்.

* 'பணம் கட்டினால் ஆன்லைன் இன்டர்ன்ஷிப் சான்றிதழ்' என்று வரும் விளம்பரங்களைத் தவிர்த்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் "அங்கே என்ன செய்தீர்கள்?" என்ற ஒரே கேள்விக்கு அந்தச் சான்றிதழ் தாங்காது.

* ஆலை, துறைமுகம் என்றால் முதலில் பாதுகாப்பு விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஹெல்மெட், சேஃப்டி ஷூ இல்லாமல் நிற்கக் கூடாத இடத்தில் நிற்காதீர்கள். யாரும் கவனிக்கவில்லை என்றாலும் சரி.

* தினமும் அரைப் பக்கம் டைரி எழுதுங்கள். என்ன செய்தோம் என்பதைவிட, என்ன புரியவில்லை என்பதை எழுதுங்கள். மறுநாள் கேட்க வேண்டிய கேள்வி அதிலேயே இருக்கும்.

* டீ வாங்கி வரவும், ஜெராக்ஸ் எடுக்கவும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்றால், இரண்டாவது வாரத்திலேயே வழிகாட்டி அதிகாரியிடம் பணிவாக, "சார், இந்த ஒரு வேலையை நான் செய்து பார்க்கலாமா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். அதற்கும் வழி கிடைக்கவில்லை என்றால், கல்லூரியின் பொறுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'பொண்ணை எப்படித் தெரியாத ஊருக்கு அனுப்புறது?' என்ற பயம் இயல்பானது. அதற்காக இன்டர்ன்ஷிப்பையே தடுத்துவிடாமல், தங்கும் இடம், பொறுப்பு ஆசிரியரின் எண், நிறுவனத்தில் பெண்களுக்கான உள் புகார் குழு ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். பயிற்சிக்கு வரும் மாணவியும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்.

வேளாண் மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று. கிராமத்துக்குக் கிளம்பும் முன், உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் மா, குழி, ஏக்கர், எக்டேர் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் விவசாயியின் வயலில் அறுவடை என்றைக்கு என்று குறித்து வையுங்கள். அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்!